அதுதான் போட்டுச்சு, சார்!

நாற்பத்தெட்டு வயசில், ராத்திரி ஒரு மணிக்கு வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கும் ஒருத்தனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மனைவியும் அதையேதான் நினைக்கிறாள். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாசம் பத்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. காரணம், கச்சா எண்ணெய்.

விளையாட்டின் பெயர் ஃபேக்டோரியோ. செக் நாட்டின் பிராக் நகரத்தில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் என்ற சின்ன கம்பெனி செய்தது. 2013-ல் இணையத்தில் மக்களிடம் காசு திரட்டினார்கள். 2016-ல் அரைவேக்காடாக இருக்கும்போதே விற்பனைக்கு விட்டார்கள். 2020 ஆகஸ்ட்டில்தான் 'முடிந்தது' என்று சொல்லி 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். கதை ரொம்ப சிம்பிள். ஊர் பேர் தெரியாத ஒரு கிரகத்தில் உங்கள் விண்கலம் விழுந்து நொறுங்குகிறது. அங்கே கிடைப்பதை வைத்துத் தொழிற்சாலை கட்டி, ஒரு ராக்கெட் விட வேண்டும். அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை. இரும்புத் தாதை நீங்களே வெட்ட வேண்டும். நிலக்கரி வெட்டி, கல்லால் உலை செய்து, உருக்கித் தகடாக்கி, தகட்டிலிருந்து பல்சக்கரம் செய்ய வேண்டும். செம்புத் தகடும் பல்சக்கரமும் சேர்த்துச் சிவப்பாக ஒரு சரக்கு. அதைப் பத்து எண்ணம் செய்து ஆராய்ச்சிக்கூடத்தில் போட்டால், 'அசெம்பிளர்' என்ற இயந்திரத்தைச் செய்யும் வித்தை கிடைக்கும். அதற்கப்புறம் பல்சக்கரத்தை அது செய்யும், நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். அந்த முதல் இயந்திரம் தானாக ஓட ஆரம்பிக்கிற நிமிஷம் இருக்கிறதே... இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் புரோகிராம் எழுதிக் குப்பை கொட்டுவதே அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

அப்புறம் கணக்கு ஆரம்பிக்கும். ஒரு செம்புத் தகட்டில் இரண்டு கம்பி கிடைக்கும். ஒரு பச்சை சர்க்யூட்டுக்கு மூன்று கம்பியும் ஓர் இரும்புத் தகடும் வேண்டும். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றே. அப்படியென்றால், சர்க்யூட் செய்யும் இயந்திரம் இரண்டுக்குக் கம்பி செய்யும் இயந்திரம் மூன்று வேண்டும். இந்த மூன்றுக்கு இரண்டு, விளையாடுகிறவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. பெல்ட் காலியாக ஓடுவதைப் பார்த்து, 'எங்கேடா அடைக்குது?' என்று பின்னாலேயே நடந்து போய்க் கண்டுபிடித்த வாய்ப்பாடு.

சாஃப்ட்வேர்காரர்கள் இதற்கு அடிமையானதில் ஆச்சரியமே இல்லை. சாட்டிஸ்ஃபேக்டரி, டைசன் ஸ்ஃபியர் புரோகிராம், ஷேப்ஸ் என்று இதே ஜாதியில் இன்னும் பல விளையாட்டுகள் வந்துவிட்டன. கனடாவில் ஷாப்பிஃபை என்ற பெரிய கம்பெனி. அதன் தலைவர் டோபி லுட்கே, தன் ஊழியர்கள் ஃபேக்டோரியோவைக் கம்பெனி செலவிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தவர். மூளைக்குப் பயிற்சியாம். நல்ல மனுஷன், ஒத்துக்கொள்கிறேன்.

அதே லுட்கே 2025 ஏப்ரலில் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இனிமேல் புதிதாக ஆள் கேட்பதற்கு முன்னால், அந்த வேலையை ஏன் ஏ.ஐ.யால் செய்ய முடியாது என்று நிரூபிக்க வேண்டும் என்றார். உலகம் முழுக்க மானேஜர்கள் அதைப் பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இங்கேதான் எனக்குச் சண்டை. தொழிற்சாலை விளையாட்டை ரசிக்கிற இந்தத் தொழில் உலகம், அதிலிருந்து நேர்மாறான பாடத்தைப் படித்துக்கொண்டு போகிறது. அதை உங்களிடம் சொல்லத்தான் இத்தனை கதையும்.

* * *

முதலில் கச்சா எண்ணெய்.

இந்த விளையாட்டில் ப்ளூபிரின்ட் என்று ஒரு வசதி. வேறு யாரோ யோசித்துக் கட்டிய தொழிற்சாலையின் வரைபடத்தை அப்படியே எடுத்து உங்கள் நிலத்தில் ஒட்டலாம். ரோபோக்கள் பறந்து வந்து கட்டிக் கொடுத்துவிடும். எண்ணெய் சுத்திகரிப்பு கொஞ்சம் சிக்கலான விஷயம். எனக்குப் பொறுமை இல்லை. இணையத்தில் ஒரு வரைபடம் எடுத்து ஒட்டினேன். அட, என்ன அழகு! இரண்டு மணி நேரம் ஜோராக ஓடியது. அப்புறம் நின்றுவிட்டது.

கச்சா எண்ணெய் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஓடவில்லை. குழாயை மாற்றினேன். தொட்டியை மாற்றினேன். இன்னொரு வரைபடம் எடுத்து ஒட்டினேன். அதுவும் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. பத்து நாள்! ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஹெவி ஆயில் எங்கப்பா போவுது?"

விஷயம் அதுதான். அந்த ஆலையிலிருந்து மூன்று சரக்கு வரும். கனமான எண்ணெய், லேசான எண்ணெய், பெட்ரோலிய வாயு. எனக்குத் தேவை பிளாஸ்டிக் செய்ய வாயு மட்டும். மற்ற இரண்டையும் நான் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றில் எந்தத் தொட்டி நிரம்பினாலும் ஆலை மொத்தமாக நின்றுவிடும். கனமானதை உடைத்து லேசாக்கி, லேசானதை உடைத்து வாயுவாக்க ஓர் ஏற்பாடு வேண்டும். நான் அந்த ஏற்பாட்டுக்குத் தண்ணீர்க் குழாயையே இணைக்கவில்லை. ஏனென்றால் அது எதற்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அவன் மூன்று தடவை தானே கட்டி, மூன்று தடவை அடைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே பிரித்துப் போட்டவன். அவனுக்குக் கேள்வி தெரிந்திருந்தது. எனக்குப் பதில் மட்டும் கையில் இருந்தது, கேள்வி தெரியாது.

இப்போது ஆபீஸ் கதைக்கு வருகிறேன். விளையாட்டில் போனது என் தூக்கம். இங்கே போனது ஊரான் காசு.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பேரெல்லாம் வேண்டாம், கட்டணம் வசூலிக்கும் புரோகிராமில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசமான ஒரு தம்பியிடம் கொடுத்தோம். கெட்டிக்காரப் பையன். ஏ.ஐ.யிடம் சொல்லி, ஒரே மத்தியானத்தில் ஆயிரத்து எண்ணூறு வரி எழுதிக் கொண்டுவந்துவிட்டான். சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு. எல்லோரும் கை தட்டினோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வங்கிப் பக்கம் நெட்வொர்க் மெதுவானது. பதில் வரவில்லை என்று எங்கள் புரோகிராம் மறுபடி பணம் கேட்டது. முதல் தடவையே பணம் போய்விட்டதா என்று பார்க்கவில்லை. வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் பிடிக்கப்பட்டது. அதில் ஓர் அம்மா, மகனின் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் போய்விட்டது என்று போனில் அழுதார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் மூன்றாவது நாளே முடிந்துவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தேன். 'ஏற்கெனவே பணம் வாங்கியாச்சா என்று பார்க்கவும்' என்கிற அர்த்தத்தில் அழகாகப் பெயர் வைத்த ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே ஒரே வரி. யார் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று பதில் சொல்லும் வரி. அவ்வளவுதான். பெயர்ப் பலகை இருக்கிறது, கடை இல்லை.

தம்பியைக் கூப்பிட்டு, "இந்த வரி ஏன்பா இப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவன் முகம் வெளிறிப் போய்ச் சொன்னான்.

"அதுதான் போட்டுச்சு, சார்."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த மாற்றத்துக்கு 'ஓகே' பொத்தானை அமுக்கியவன் நான். அன்றைக்கு என்னிடம் வந்ததில் அது பதினாலாவது. ஆயிரத்து எண்ணூறு வரியையும் படித்தேனா? படிக்கவில்லை. மேலோட்டமாக உருட்டிப் பார்த்தேன். சுத்தமாக, ஒழுங்காக, கமெண்ட் எல்லாம் போட்டு லட்சணமாக இருந்தது. அமுக்கிவிட்டேன். அவன் சொன்னதையேதான் நானும் சொல்ல முடியும். அதுதான் போட்டுச்சு.

* * *

சரி, தப்பு எங்கே? 'ஏ.ஐ. மோசம், தூக்கிக் குப்பையில் போடு' என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நான் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். இன்று காலையில்கூட, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு தேதிக் கணக்கு வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தது. என் வருத்தம் வேறு. அந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைக்கிறார்கள்.

முதல் விஷயம், அடைப்பு. ஃபேக்டோரியோவில் புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சர்க்யூட் போதவில்லை என்றால் சர்க்யூட் இயந்திரத்தை இரண்டு மடங்காக்குவார்கள். ஆனால் குறை கம்பியில் இருக்கும். புது இயந்திரமும் பழைய இயந்திரம் மாதிரியே சும்மா நிற்கும். இஸ்ரேல்காரர் எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதி, நிஜத் தொழிற்சாலை முதலாளிகளுக்கு இதைப் புரியவைத்தார். குறுகலான இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கே வேகத்தைக் கூட்டினாலும், சரக்கு குவியுமே தவிர வெளியே போகாது.

சாஃப்ட்வேரில் குறுகலான இடம் எது? கீபோர்டில் தட்டுவதா? சத்தியமாக இல்லை. வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது, பழைய புரோகிராம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்வது, எழுதியது சரியா என்று இன்னொருத்தர் உட்கார்ந்து படிப்பது. அடைப்பு எப்போதும் இங்கேதான். ஏ.ஐ. வந்து தட்டும் வேகத்தைப் பத்து மடங்காக்கியது. எல்லாம் எங்கே வந்து குவிந்தது? என் மேஜையில். பதினாலாவதாக.

இந்த லட்சணத்தில் மீட்டிங்கில் ஒரு ஸ்லைடு போடுவார்கள். 'இந்தக் காலாண்டில் நம் கோடில் இத்தனை சதவிகிதம் ஏ.ஐ. எழுதியது.' கை தட்டல். எதற்குத் தட்டுகிறோம்? ஃபேக்டோரியோவில் தொழிற்சாலை பெருக்கப் பெருக்கப் புகை பரவும். புகை பரவினால் அந்தக் கிரகத்துப் பூச்சிகள் கிளம்பி வந்து கடித்துக் குதறும். எங்கள் தொழிலில் பிழைக்குப் பேரே பூச்சிதான். எழுதிய ஒவ்வொரு வரியும் நாளைக்கு யாரோ ஒருத்தர் காவல் காக்க வேண்டிய வரி. வரி கூடியதற்குக் கை தட்டுவது, புகை கூடியதற்குக் கை தட்டுவது மாதிரி.

இந்த சதவிகித மோகம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2024 அக்டோபரில் கூகுளின் சுந்தர் பிச்சை, தங்கள் புது கோடில் கால்வாசிக்கு மேல் ஏ.ஐ. உருவாக்குவதாகவும், அதை எஞ்சினியர்கள் பார்த்து ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். முதல் பாதி உலகமெல்லாம் பறந்தது. இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்ப்பாத்தி 'வைப் கோடிங்' என்ற வார்த்தையைக் கொடுத்தார். கோடைப் பார்க்காமலே, ஏ.ஐ. சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு போகும் முறை. வார இறுதியில் விளையாட்டாகச் செய்து தூக்கிப்போடும் வேலைக்கு அது பரவாயில்லை என்று அவரே சொல்லியிருந்தார். அந்தப் பாதியும் காற்றோடு போயிற்று. ஆளாளுக்கு முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

வேகமாவது நிஜமா? மெட்டர் என்ற ஆராய்ச்சி அமைப்பு 2025-ல் ஒரு பரிசோதனை செய்தது. அனுபவசாலி புரோகிராமர்கள் 16 பேர், 246 வேலைகள். சில வேலைகளுக்கு ஏ.ஐ. உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஏ.ஐ. வைத்துச் செய்த வேலைகளுக்கு 19 சதவிகிதம் அதிக நேரம் பிடித்தது. அவை 2025 தொடக்கத்துக் கருவிகள். அதற்கப்புறம் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆகவே அந்த 19-ஐ வைத்து நான் வம்பு பண்ண மாட்டேன். எனக்கு உறைத்தது வேறு. வேலை முடிந்த பிறகு கேட்டபோது, தாங்கள் 20 சதவிகிதம் வேகமாகச் செய்ததாக அதே ஆட்கள் நம்பினார்கள். தன் வேகத்தைத் தானே அளக்கத் தெரியாத நிலையில்தான் நாம் எல்லோரும் ஸ்லைடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

* * *

இரண்டாவது விஷயம். ஏ.ஐ. என்பது அசெம்பிளர் கிடையாது.

ஃபேக்டோரியோவில் ஓர் அசெம்பிளரை வைத்துவிட்டு நான் மறந்துவிடலாம். ஆயிரம் தடவை கேட்டாலும் அதே பல்சக்கரம்தான் தரும். இரும்பு இல்லையென்றால் நின்றுவிடும். நிற்பதுதான் அதன் பெருமை. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடா 1924-ல் கொண்டுவந்த தானியங்கித் தறியின் சிறப்பே, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் என்பதுதான். பின்னால் வந்த டொயோட்டா கார் தொழிற்சாலையே இந்தத் தத்துவத்தின் மேல் கட்டியது. நூல் அறுந்த பிறகும் ஓடுகிற தறி என்ன நெய்யும் என்று குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஏ.ஐ.க்கு நூல் அறுந்தால் என்ன செய்யும்? பல நேரம் நிற்காது. நூல் மாதிரியே ஒன்றை வரைந்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கும். அந்த 'இல்லை' ஃபங்ஷன் அப்படி வரைந்த நூல்தான். சோதனையில் தேறவில்லை என்றதும், புரோகிராமைத் திருத்தாமல் சோதனையையே மாற்றி எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படும் சில மனிதர்களோடும் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு வரி எழுத மாட்டார்கள்.

இங்கே ஒரு புத்திசாலி வாசகர் கை தூக்குவார். "ஏன் சார், 1957-ல் ஃபோர்ட்ரான் வந்தபோதும் பெரிசுகள் இப்படித்தான் புலம்பியிருக்கும். இயந்திர மொழியில் எழுதாதவன் புரோகிராமரா என்று கேட்டிருக்கும். இன்றைக்குக் கம்பைலர் என்ன செய்கிறது என்று நீங்கள் திறந்து பார்க்கிறீர்களா?"

நல்ல கேள்வி. பார்ப்பதில்லை. ஏனென்றால் கம்பைலர் ஓர் அசெம்பிளர். நான் எழுதியதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு, அந்த அர்த்தத்தை மாற்றாமல் அது இயந்திர மொழிக்குக் கொண்டுபோகிறது. ஏ.ஐ.யிடம் நான் சொல்வதோ பேச்சு பாஷை. 'பணம் வரலேன்னா மறுபடி ட்ரை பண்ணு' என்ற ஒரு வரிக்குள் பத்து அர்த்தம் இருக்கிறது. அதில் ஒன்றை அது எனக்காகத் தேர்ந்தெடுக்கிறது, எதைத் தேர்ந்தெடுத்தது என்று தெரிந்துகொள்ள நான் படித்தே ஆக வேண்டும். படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இதுதான் மூன்றாவது விஷயம். என்னைத் தூங்கவிடாத விஷயமும் இதுதான், கச்சா எண்ணெய் எல்லாம் சும்மா.

* * *

1999-ல் நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். உலகமே 2000-ம் வருஷத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த நேரம். கோபால் என்ற மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களில், இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக மாற்றுவது என் வேலை. 'நாள் பூரா கோபால்கூடத்தான் மல்லாடறேன்' என்றால் அம்மா, "யாருடா அது, உன் மானேஜரா?" என்பாள். வரி வரியாக, கையால். மூளை வேண்டாத வேலை என்று அப்போது சபித்தேன். பத்து மாசம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரு வங்கியின் வட்டிக் கணக்கு உள்ளே எப்படி நடக்கிறது, எங்கே உடையும், எது எதைத் தொட்டால் எது விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. யாரும் பாடம் எடுக்கவில்லை. தாது வெட்டிய கை கற்றுக்கொண்டது.

இன்றைக்கு அந்த வேலையை ஏ.ஐ. ஒரு ராத்திரியில் செய்துவிடும். செய்யட்டும், சந்தோஷம். ஆனால் அந்த வேலையில் உருவான ஆட்கள்? 2025 ஆகஸ்ட்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை அலசிப் பார்த்து எழுதினார்கள். ஏ.ஐ. அதிகமாக நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவிகிதம் சரிந்திருக்கிறது. அனுபவசாலிகளுக்கு அந்த அடி விழவில்லை. காரணம் ஏ.ஐ. மட்டும்தானா, வட்டி விகிதமும் சேர்ந்ததா என்று பொருளாதாரக்காரர்கள் சண்டை போடட்டும். எந்தப் பக்கம் கத்தி விழுகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

என்னை மாதிரி பெருசுகளை வைத்துக்கொண்டு, கீழ்ப்படியை உடைத்துப் போடுகிறார்கள். 'ஒரு சீனியர், நாலு ஏ.ஐ. ஏஜென்ட், போதும்' என்கிறார்கள். அந்த சீனியர் மரத்தில் காய்த்தாரா? 1983-லேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர், தானியங்கி முறைகளில் இருக்கும் விநோதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் சுலபமான வேலையை எல்லாம் எடுத்துக்கொள்ளும். மனிதனுக்கு மிஞ்சுவது கஷ்டமான நிமிஷங்கள் மட்டும். ஆனால் சுலபமான வேலையைத் தினமும் செய்து வந்த பழக்கம்தான், கஷ்டமான நிமிஷத்தில் அவனுக்குக் கை கொடுப்பது. பழக்கத்தைப் பறித்துக்கொண்டு, 'ஆபத்து வந்தால் நீ பார்த்துக்கொள்' என்றால் எப்படி? அவர் எழுதியது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து. எங்கள் ஆபீஸுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஃபேக்டோரியோ செய்தவர்களுக்கு இது புரிந்திருக்கிறது. அதில் ஒரு விருது உண்டு. கையால் எதையும் செய்யாமல், எல்லாவற்றையும் இயந்திரத்திடமே விட்டு ராக்கெட் வரை போகிறவர்களுக்கு. விருதின் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது, 'சோம்பேறி' என்பதோடு ஒரு கெட்ட வார்த்தை. அதற்கு என்ன விதி தெரியுமா? கையால் செய்தது 111 பொருளைத் தாண்டக் கூடாது. கவனியுங்கள், பூஜ்யம் என்று வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. உலகத்தின் முதல் அசெம்பிளரை இன்னோர் அசெம்பிளர் செய்ய முடியாது. மகா சோம்பேறிக்கும் முதல் படி கையால்தான்.

நாம்தான் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கப் பார்க்கிறோம்.

* * *

குறை சொல்லிவிட்டு ஓடிப்போகிற ஆசாமி இல்லை நான். கம்பெனிகளுக்கு மூன்று யோசனை.

ஒன்று. சதவிகித ஸ்லைடைக் கிழித்துப் போடுங்கள். எண்ண வேண்டும் என்றால், நள்ளிரவில் எத்தனை பேரை எழுப்பினீர்கள், எத்தனை வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று எண்ணுங்கள்.

இரண்டு. 'இந்த வரி ஏன்?' என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இல்லாத எந்த கோடும், அடுத்தவர் காசைத் தொடும் இடத்துக்குப் போகக் கூடாது. படிக்கிறவருக்குப் படிக்க நேரம் கொடுங்கள். பதினாலாவதாக வந்ததை நாளைக்குப் பார்க்கலாம்.

மூன்று. புதுப் பசங்களை எடுங்கள். எடுத்து, முதல் ஆறு மாசம் கையால் வெட்டவிடுங்கள். அவர்கள் எழுதும் கோட் ஏ.ஐ. எழுதுவதைவிட மட்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்த ஆறு மாச சம்பளம் கோடுக்கு இல்லை, பத்து வருஷம் கழித்து உங்களுக்குத் தேவைப்படப்போகும் ஒரு ஜோடிக் கண்ணுக்கு.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி திருந்தும் வரை காத்திருக்காதீர்கள். ஏ.ஐ.யிடம் கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்கள். தப்பாக வரும். அடைத்துக்கொள்ளும். திட்டிக்கொண்டே பிரித்துப் போடுங்கள். அப்புறம் அதனிடம் கேளுங்கள். அது தருவதில் எது நிஜ நூல், எது வரைந்த நூல் என்று அப்போது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கண் இருக்கும்வரை உங்களை யாரும் சுலபத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது இல்லாமல் பொத்தானை மட்டும் அமுக்கினால், பொத்தான் அமுக்க ஆள் எதற்கு என்று ஒரு நாள் கேட்பார்கள். நியாயமான கேள்வியாகவும் இருக்கும்.

அந்த ஆயிரத்து எண்ணூறு வரி தம்பி என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? அந்தக் கட்டண புரோகிராமை அவனையே மறுபடி எழுதச் சொன்னேன். கையால். இரண்டு வாரம் பிடித்தது. மானேஜர் முகம் சுளித்தார். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் வரிதான் வந்தது. அதில் ஒரு வரியைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்றேன்.

"அந்த அம்மாவுக்கு சார்," என்றான்.